ஜம்ப் சீட்டில் இருக்கும்போது எப்போது வாய் திறப்பது?

கேப்டன்களே, சீனியர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள்.

போன வாரம் லீவு முடிந்து காக்பிட் ஜம்ப் சீட்டில் (விமானி அறையில் இருக்கும் கூடுதல் இருக்கை) ஊர் திரும்பினேன். இறங்கும்போது கன்ட்ரோலர் கியூஎன்எச் (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த அளவு) 1006 என்றார். துணை விமானி மாற்றிவிட்டார். கேப்டன் பக்கம் 1013 அப்படியே நின்றது. இரண்டு உயரமானிகளுக்கும் இடையே ஏறக்குறைய 200 அடி வித்தியாசம்! 10,000 அடிக்குக் கீழே வேண்டாத பேச்சு கூடாதே என்று தயங்கினேன். (இது வேண்டாத பேச்சே இல்லை, இப்போது புரிகிறது.) நல்லவேளை, அவர்களே கவனித்துவிட்டார்கள்.

2018இல் இந்தோனேசியாவில் லயன் ஏர் 610 விமானம் விழுவதற்கு முந்தைய நாள், அதே விமானத்தின் காக்பிட்டில் கூடுதலாக ஒரு விமானி இருந்தார். அன்று வந்த கோளாறைச் சமாளிக்க அவர் உதவியதாகச் செய்திகள் வந்தன.

நீங்களாக இருந்தால் உடனே சொல்வீர்களா, சில நொடி பொறுப்பீர்களா? அப்புறம், முன்பின் தெரியாத கேப்டனிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பீர்கள்?