புதுப்பிப்பு: அம்மாவின் ராத்திரி அரிப்புக்குக் காரணம் தெரிந்தது

தண்டையார்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்கு மாதக்கணக்காக ராத்திரியில் உடம்பெல்லாம் அரிப்பு, மெடிக்கலில் தந்த ஸ்டீராய்டு களிம்புக்கும் அடங்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“விரல் இடுக்கைப் பாருங்கள், வீட்டில் வேறு யாருக்கும் அரிக்கிறதா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் சொன்னதுதான் சரி. தம்பி மகனுக்கும் மணிக்கட்டில் சின்னச் சின்னப் பொரிகள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஸ்கேபிஸ் என்றார்கள். தோலுக்குள் துளைத்து வாழும் நுண்ணிய பூச்சியால் வரும் சொறி. ஸ்டீராய்டு அதைக் கொல்லாது, அடையாளத்தைத்தான் மறைக்கும்.

5% பெர்மெத்ரின் களிம்பை ராத்திரி கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு விடாமல் தடவி, காலையில் குளிக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும். அரிப்பே இல்லாதவர்களும் அதே ராத்திரியில் தடவ வேண்டும். ஒரே அறையில் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கும் எங்கள் வீட்டில் ஒருவரை விட்டாலும் திரும்ப எல்லோருக்கும் வந்துவிடும். துணி, போர்வையெல்லாம் வெந்நீரில் துவைத்தோம்.

எதிர்பாராதது ஒன்று: பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் நீடிக்கும். அது ஒவ்வாமையின் மிச்சம். பயந்துபோய் களிம்பை மேலும் மேலும் தடவாதீர்கள், தோல்தான் எரியும். அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறார்.