புதுப்பிப்பு: 1977 மோன்ஸா ஸ்பைடர், வி8 அசல்தானா?

மார்ச்சில் கேட்டிருந்தேன்: மிச்சிகனில் ஒரு ஷெவ்ரோலெ மோன்ஸா ஸ்பைடர் கார் (ஸ்பைடர் என்பது மோன்ஸாவில் கூடுதலாக வாங்கக்கூடிய ஒரு பேக்கேஜ்) விற்பனைக்கு வந்திருக்கிறது, அதிலிருக்கும் 305 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், கம்பெனியில் போட்டதுதானா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வண்டியை வாங்கிவிட்டேன்.

வேலை செய்த யோசனை: விஐஎன்னில் (வண்டியின் அடையாள எண்ணில்) ஐந்தாவது எழுத்தைப் பார்க்கச் சொன்னது. ‘யூ’ (U) இருந்தது, அதாவது கம்பெனியிலிருந்து 305 வி8-ஓடு வந்த வண்டி. அப்புறம் இன்ஜின் பிளாக்கில் குத்தியிருந்த எண்ணைத் துடைத்துப் பார்த்தால் விஐஎன்னோடு பொருந்தவில்லை. வி8 வண்டிதான், ஆனால் இப்போது இருப்பது அதோடு வந்த இன்ஜின் இல்லை. அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன். ஸ்பைடர் ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். பின்சீட்டுக்கு அடியில் கிடைத்த பில்ட் ஷீட்தான் (தொழிற்சாலையில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய தாள்) இது அசல் ஸ்பைடர் என்று உறுதி செய்தது.

“ரேஸில் ஜெயித்த கார்” என்று விற்றவர் சொன்னது பாதி உண்மை. ரேஸ் ஓட்டுநர் ஆல் ஹோல்பர்ட் 1976, 1977 இரண்டு வருடமும் அமெரிக்காவின் இம்சா கேமல் ஜிடி ரேஸ் தொடரில் பட்டம் வென்றதில் மோன்ஸாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது டீகான் என்ற ரேஸ் கார் நிறுவனம் இரும்புக் குழாய்களால் சட்டம் அமைத்துக் கட்டிய வண்டி. தெருவில் ஓடும் மோன்ஸாவோடு உருவம்தான் ஒற்றுமை. அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

எதிர்பாராதது ஸ்பார்க் பிளக். ஸ்டீயரிங் பக்கம் ஒன்றே ஒன்று கைக்கு எட்டவே இல்லை. கடைசியில் இன்ஜின் மவுன்ட் போல்ட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்து ஜாக்கியால் கொஞ்சம் தூக்கித்தான் மாற்றினேன். முதலில் வான்கெல் (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் உள்ள) இன்ஜினுக்காக யோசித்த காரில் வி8-ஐத் திணித்தால் வேறென்ன ஆகும்!