தலையே இல்லாத சிப்பிக்கு இத்தனை கண் எப்படி வந்தது?

கடல் உயிரியல் படித்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள். ஸ்காலப் சிப்பி லேசாக ஓட்டைத் திறந்தால் ஓரத்து மென்தசையில் நீல மணி கோத்த மாதிரி 200 கண்கள் வரை தெரிகின்றன, ஒவ்வொன்றின் பின்னாலும் குவானின் என்ற வேதிப்பொருளின் படிகங்களால் ஆன குழியாடி, அதற்கு முன்னால் ஒன்றல்ல, இரண்டு விழித்திரை! ராட்சதச் சிப்பிக்கோ லென்சே இல்லாத ஊசித்துளைக் கண்கள், ஆர்க் சிப்பிக்கு ஈயைப் போலக் கூட்டுக்கண். சரி, தலை போனதால் கண் ஓட்டின் ஓரத்துக்கு வந்தது என்பது வரை புரிகிறது. அப்புறம்தான் குழப்பம். இந்த மூன்றும் தனித்தனியாகத் தோன்றியவையா, பொதுவான பழைய ஒளியுணர் செல் ஏதாவது இருந்ததா? மரபணு அளவில் விளக்கும் கட்டுரையோ வீடியோவோ இருந்தால் போடுங்கள், ஆங்கிலமானாலும் பரவாயில்லை. 'நிழல் பட்டதும் ஓட்டை மூடத்தான்' என்ற ஒருவரிப் பதில் மட்டும் வேண்டாம்.