ரூ. புள்ளி தசமப் புள்ளியாகிவிடுகிறது, ரெஜெக்ஸ் (எழுத்துகளைத் தேடிப் பொருத்தும் விதி) உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கடைக்கான பில் பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறேன். தொகைப் பெட்டியில் 1,25,000.50 என்று ஒட்டினால், எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்ஃப்ளோட் முதல் கமாவிலேயே நின்று வெறும் 1 தருகிறது. சரி என்று, இலக்கமும் புள்ளியும் தவிர மற்றதை நீக்க ரீப்ளேஸில் [^0-9.] போட்டு, எல்லா இடத்திலும் நீங்க ஜி கொடியும் சேர்த்தேன். கமா ஒழிந்தது.

அப்புறம் ஒருவர் "ரூ. 1,25,000.50" என்று ஒட்டினார். 'ரூ' போய், அதன் புள்ளி மட்டும் தங்கி .125000.50 ஆகிவிட்டது. பில்லில் 0.125! ஒன்றேகால் லட்சம் அரைக்கால் ரூபாயாகிப் போனது.

இருபக்கமும் இலக்கம் உள்ள புள்ளியை மட்டும் விட்டுவைக்க ஒரே பேட்டர்ன் உண்டா? லுக்பிஹைண்ட் (முந்தைய எழுத்தைப் பார்த்துப் பொருத்தும் ரெஜெக்ஸ் வசதி) வேண்டாம், பழைய பிரவுசர்களில் ஸ்கிரிப்டே ஓடாது. முன்னால் வரும் மைனஸ் அப்படியே இருக்க வேண்டும், "500/-" என்பதன் கடைசி "/-" போக வேண்டும். இரண்டு ரீப்ளேஸ் ஆனாலும் பரவாயில்லை.