புது கோல்ஃப் மைதானம்: பந்து கிரீனில் நிற்க மாட்டேங்குது

கேள்வி: புதுசா திறந்த மைதானம். 7 அயர்னில் (நடுத்தர தூரத்துக்கான மட்டை) அடிச்சு, கிரீன் (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை) நடுவில் விழுந்த பந்துகூட எகிறிப் பின்பக்கம் ஓடுது. பங்கரில் (மணல் பள்ளம்) விழுந்தா பாதி புதையுது. என்ன செய்யலாம்?

பதில் 1: புது கிரீன் அப்படித்தான். அடியில் 30 செ.மீ. மணல் கலவை, மேலே மெத்தை மாதிரி வேர், தண்டு அடுக்கு சேரவே நாளாகும். அதுவரை குழியில் நிற்கும் கொடியைக் குறிவைக்காதீங்க. கிரீனின் முன்விளிம்புக்குத் தூரம் கணக்குப் போட்டு அடிச்சு, உருள விடுங்க.

பதில் 2: பங்கர் மணல் இன்னும் இறுகலை. புதைஞ்ச பந்துக்கு சாண்ட் வெட்ஜ் (மணலுக்கான மட்டை) முகத்தைத் திறந்தால், அதாவது வானம் பார்க்கத் திருப்பினால், மட்டை மணலில் வழுக்கி எகிறும். நேராகவோ சற்று மூடியோ வைச்சு, பந்துக்கு 2 அங்குலம் பின்னால் செங்குத்தா இறக்குங்க. சுழற்சி இருக்காது, பந்து ஓடும்.

பதில் 3: பழுதுபார்ப்பு நிலம்னு கோடு போட்டிருந்தால் கோல்ஃப் விதி 16.1படி, அபராதமில்லாமல் பந்தை எடுத்து வெளியே டிராப் பண்ணலாம் (கையிலிருந்து கீழே விடுவது). கோடில்லாத வெறும் மண்ணுக்கு அது கிடையாது. ஸ்கோர்கார்டின் பின்பக்கம் உள்ளூர் விதிகளைப் பாருங்க.