முறிகண்டியில் கண்ட ஈரம்: எஞ்சின் புளொக்கில் தண்ணீர் கசிவை வீட்டு முற்றத்தில் திருத்திய அனுபவம்

கடந்த காலபோக அறுவடையின்போது எங்கள் லொறியின் றேடியேற்றரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லீற்றர் தண்ணீர் குறையத் தொடங்கியது. தண்ணீர் குறைந்தாலே ஹெட் காஸ்கற் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று எண்ணி எஞ்சினைக் கழற்றச் சம்மதித்துவிடும் லொறிக்காரர்கள் எங்கள் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாக வவுனியா அரிசி ஆலைக்கு நெல் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழக்கம்போல் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு, கச்சான் சரையுடன் திரும்பியபோது, முன்சில்லுக்குப் பின்னால் தார்வீதியில் உள்ளங்கையளவு ஈரம் தெரிந்தது. புகை வெளியேறும் மனிபோல்டுக்குக் கீழிருந்தே அது சொட்டியது. ஓடும்போது அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடுவதால் அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை. திரும்பும் வழியில் ஒரு கராஜில் காட்டினோம். லொறிக்கு அடியில் குனிந்தும் பாராமல், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள்.

ஆனால் ஹெட் காஸ்கற் போனதற்கான அடையாளம் எதுவும் இருக்கவில்லை. எஞ்சின் எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு மாறவில்லை, வெண்புகை வரவில்லை, றேடியேற்றர் வாயில் குமிழிகளும் எழவில்லை. எங்கள் பக்கத்து வளவில் வசிக்கும் மாமா, பொருளாதாரத் தடைக் காலத்தில், உதிரிப்பாகங்கள் வன்னிக்குள் வராத நாட்களில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட வைத்தவர். அவரிடம் சொன்னேன். "தம்பி, கழட்டுறதுக்கு முதல் தண்ணி எங்கயிருந்து வருகுதெண்டு பிடி. அது தெரியாமல் ஒரு நட்டிலயும் கை வையாதை" என்றார்.

அவர் சொன்னபடி, காற்றடித்துக் கசிவைக் காண்பதற்காக, ஒரு பழைய றேடியேற்றர் மூடியின் உள்வால்வை எடுத்துவிட்டு, அதன் நடுவில் சைக்கிள் ரியூப் வால்வு ஒன்றைப் பற்றவைத்தோம். எஞ்சின் முழுமையாக ஆறிய பின்னர், றேடியேற்றரை நிரப்பி, வழிந்தோடும் சிறு குழாயை மடித்துக் கட்டிவிட்டு, காற்றளவு காட்டும் பம்பினால் மெதுவாக அடித்தேன். எங்கள் லொறியின் மூடியில் அது தாங்கும் அழுத்தம் 0.9 என்று பொறிக்கப்பட்டிருந்தது. அது ஏறத்தாழ 13 பி.எஸ்.ஐ. ஆகும். அதற்கு மேல் அடித்தால் நல்ல ஹோஸ்களும் பிய்ந்துவிடக்கூடும் என்பதால் 12 உடன் நிறுத்தினேன். பிறகு கீழே படுத்து ரோர்ச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மனிபோல்டுக்குக் கீழே, புளொக்கின் பக்கவாட்டில் இருந்த வட்டமான தகட்டின் விளிம்பில் கடுகளவு துளி ஒன்று திரண்டு, பெருத்து, ஏற்கெனவே இருந்த துருக்கோட்டின் வழியே இறங்கியது. அந்தத் துளியைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது. வெடிப்பு அன்று, கோர் பிளக்!

எஞ்சின் புளொக்கை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் அறைகளுக்காக உள்ளே மணல் அச்சு வைப்பார்கள். அந்த மணலை வெளியேற்ற விடப்படும் துளைகளை அடைப்பவையே இந்தக் கிண்ண வடிவத் தகடுகள். வார்ப்பிரும்புப் புளொக் பல பத்தாண்டுகள் நின்றுபிடித்தாலும், மெல்லிய உருக்குத் தகடு உள்ளிருந்து துருப்பிடித்துப் பொத்துவிடும்.

மனிபோல்டின் நட்டுகளுக்கு முதல்நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டதால் எதுவும் முறியவில்லை. தண்ணீரை வடித்த பின், மொட்டை முனையுள்ள இரும்புத் துண்டைப் பிளக்கின் ஒரு பக்க ஓரத்தில் வைத்து அளவாகத் தட்டினேன். மறுபக்கம் வெளியே திரும்பியதும் குறட்டால் பிடித்து இழுத்தெடுத்தேன். நடுவில் ஓங்கி அடித்தால் பிளக் உள்ளே விழுந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் சிலிண்டர்ச் சுவரிலும் அடி பட்டுவிடும். துளையின் பின்னால் செங்கபில நிறத்தில் கூழ்போன்ற சேறு நிறைந்திருந்தது. விரலால் வழித்துப் பார்த்தபோது அதில் மஞ்சள் தூளும் தெரிந்தது. லொறியை முன்பு ஓட்டியவர் றேடியேற்றர்க் கசிவுக்கு மஞ்சள் போட்டிருக்கிறார். இடைவழியில் நின்றுவிட்ட லொறியை வீடு கொண்டுவந்து சேர்க்க அது உதவலாம். ஆனால் அங்கேயே விட்டுவிட்டால் றேடியேற்றரின் மெல்லிய குழாய்கள் அடைபட்டு எஞ்சின் சூடேறும். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுவதற்கே அரைநாள் சென்றது.

புதிய பிளக்கைப் பழையதை வைத்து வாங்காமல், எமரித் தாளால் துளையின் சுவரைப் பளபளக்கத் தேய்த்து, வெர்னியர் அளவுகோலால் துளையை அளந்து வாங்க வேண்டும். நான் வவுனியாவில் பித்தளைப் பிளக்குகள் இரண்டு வாங்கினேன். பித்தளை உருக்கைப்போல் துருப்பிடிக்காது. சுவரில் கசிவடைக்கும் பசையான சீலன்ற்றை மெல்லியதாகப் பூசி, கிண்ணத்தின் உட்புறத்தில் தளர்வாக அடங்கும் சொக்கெற் ஒன்றை வைத்து, நேராகத் தட்டி இறக்கினேன். முதலாவது பிளக் சரிந்து இறங்கியது. அதை நிமிர்த்த முயலாமல் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டாவதைத் துளையின் சரிந்த விளிம்பைச் சற்றுத் தாண்டும்வரை இறக்கினேன். இரவு முழுவதும் காயவிட்டு, காலையில் மீண்டும் 12 வரை காற்றடித்தேன். அரைமணி நேரத்துக்குப் பின்னும் முள் அசையவில்லை.

இந்தப் பிளக்கைப் பலர் பிரீஸ் பிளக் (உறைபனிப் பிளக்) என்றும், றேடியேற்றர் தண்ணீரில் கலக்கும் கூலன்ற்றை உறைபனி நாடுகளுக்குரிய மருந்து என்றும் நினைக்கிறார்கள். வன்னியில் தண்ணீர் உறையாது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தாலே அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிறது. அதே தண்ணீரை ஆண்டுக்கணக்கில் எஞ்சினுக்குள் கொதிக்கவிட்டோம். துருவைத் தடுக்க அதில் ஒன்றுமே இருக்கவில்லை. கூலன்ற்றில் உள்ள துருத்தடுப்புச் சேர்மானம்தான் எங்களுக்கு முதன்மையானது. அத்துடன் சரிபாதி கலந்த கூலன்ற், மூடியின் அழுத்தம் இல்லாமலே 107 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும் என்பதால், நெல் பாரத்துடன் உச்சி வெயிலில் ஓடும்போதும் அது கைகொடுக்கும். அந்தத் துருத்தடுப்பு நாளடைவில் தீர்ந்துவிடும் என்பதால் போத்தலில் குறித்துள்ள காலத்தில் மாற்றவும் வேண்டும். இம்முறை கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்து, கூலன்ற்றுடன் காய்ச்சி வடித்த நீரையே கலந்தேன்.

வடித்த கூலன்ற்றை முற்றத்தில் ஊற்ற வேண்டாம் என்று மன்றாட்டமாகக் கேட்டுக்கொள்கிறேன். அது இனிக்கும், ஆட்டுக்குட்டியோ நாய்க்குட்டியோ நக்கினால் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். மூடியுள்ள கானில் அடைத்து எட்டாத இடத்தில் வையுங்கள்.

கசிவு புளொக்கின் வெடிப்பிலிருந்து வருகிறது என்றால், முற்றத்தில் சாதாரண வெல்டிங் கம்பியால் பற்றவைக்காதீர்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது அருகிலேயே மறுபடியும் வெடிக்கும். அதற்கு உரிய கம்பியும் முன்கூட்டியே சூடேற்றும் வசதியும் உள்ள பட்டறைதான் வேண்டும்.

பக்கத்தில் இருந்த ஏனைய பிளக்குகளையும் மறுவாரமே மாற்றிவிட்டேன். புளொக்கின் பின்புறத்தில் உள்ளதற்குக் கியர்பெட்டியை இறக்க வேண்டும் என்பதால், சிறுபோகம் முடிந்து கிளச் தகடு மாற்றும்போது செய்வதாக வைத்திருக்கிறேன். அதற்குரிய பித்தளைப் பிளக்கை இப்போதே வாங்கி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.