தோள்வலி என்று போனால் முதுகைப் பார்க்கிறார்கள்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

ரோஸ் ஹில் டீச்சர்

இங்கே மொரீஷியஸில் பிரைமரி ஸ்கூலில் தமிழ் எடுக்கிறேன். போர்டில் மேல் வரி எழுதக் கையைத் தூக்கினால் வலது தோளில் சுரீர் என்றது. கை தோள் உயரத்துக்கு வரும்போதுதான் உயிர் போகும். அதைத் தாண்டிவிட்டால் அவ்வளவாக இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்த பிசியோ பெண் முதலில் தோளைத் தொடவே இல்லை. முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். இரண்டு கையிலும் சின்ன டம்பெல்லைக் கொடுத்து, மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கச் சொல்லி, பின்னாலிருந்து என் போனிலேயே வீடியோ எடுத்தார். தூக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இறக்கும்போது பார்த்தால், வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு சரியாகச் சாத்தாத அலமாரிக் கதவு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது! என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? கொஞ்சம் பயந்துதான் போனேன்.

அப்புறம் நான் கையைத் தூக்கத் தூக்க, அந்த எலும்பின் கீழ்முனையில் உள்ளங்கையை வைத்து, வெளிப்பக்கமாக மேலே தள்ளிக்கொடுத்தார். வலி பாதியாகிவிட்டது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. அவர் கையை எடுத்ததும் வலி திரும்ப வந்தது.

காரணம் கேட்டேன். கையைத் தலைக்கு மேல் 180 டிகிரி தூக்கினால், தோள் மூட்டு கொடுப்பது சுமார் 120தானாம். மீதி 60ஐ இந்த எலும்பு சுழன்று கொடுக்க வேண்டும். அது விலாவோடு மூட்டுப் போட்டு இணைந்ததில்லை. காறை எலும்பு ஒன்றுதான் பிடிப்பு, மற்றபடி தசைகளை நம்பித்தான் இருக்கிறது. விலாவிலிருந்து வரும் செரட்டஸ் ஆன்டீரியர் என்ற தசையும், நடுமுதுகிலிருந்து ஏறும் ட்ரபீசியஸ் தசையின் கீழ்ப்பகுதியும் சேர்ந்து அதைச் சுழற்ற வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற, பலம் அளக்கும் ஒரு மீட்டரை என் கைக்கும் அவர் கைக்கும் நடுவில் வைத்து, தள்ளச் சொல்லி அளந்தார். வலது பக்கம் பலம் குறைவு. ஆனால் வலி இருந்தாலே தசை முழு பலத்தைக் காட்டாது, அதனால் பலவீனத்தால் வலியா, வலியால் பலவீனமா என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அப்படி ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

கொடுத்த பயிற்சி: சுவரில் கை ஊன்றித் தண்டால். முழங்கை நீண்ட பிறகும் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். அந்தக் கடைசித் தள்ளலில்தான் செரட்டஸுக்கு வேலை. இன்னொன்று, குப்புறப் படுத்து, கட்டைவிரல் மேலே பார்க்க, கைகளைத் தலைக்கு முன்னால் சாய்வாக விரித்துத் தூக்குவது. பார்க்கச் சுலபம், செய்தால் தெரியும்.

காவடி எடுப்பவன்

டீச்சர், எனக்கும் இதே வீடியோ வைத்தியம்தான். தைப்பூசத்துக்குப் போர்ட் லூயிஸில் காவடி எடுப்பவன் நான். வலி வந்ததும் வீட்டில் எல்லோரும் காவடி மேல் பழியைப் போட்டார்கள். வீடியோவில் பார்த்தால், வலிக்கிறது இடது தோள், எலும்பு துருத்துவது வலது பக்கம்! பிசியோவே சிரித்துவிட்டார். வலியே இல்லாதவர்களிலும் நிறையப் பேருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல அசையாதாம். அதனால் வலதை விட்டுவிட்டு, இடது தோளுக்கு ரப்பர் பேண்ட் பயிற்சி மட்டும் கொடுத்தார். யூடியூபைப் பார்த்து மச்சான் முதுகைச் சோதித்து அவரையும் நோயாளியாக்குகிறவர்கள் கவனிக்கவும் (எங்கள் வீட்டில் நடந்தது).

வாக்குவா அக்கா

எல்லாத் தோள்வலியும் இது இல்லை. சர்க்கரை இல்லாத வீடு இந்தத் தீவில் ஏது? எங்கள் அம்மாவுக்கும் உண்டு. அவர் கையை அவரால் தூக்க முடியாதது மட்டுமில்லை, நான் தூக்கிவிட்டாலும் போகாது. முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து முன்கையை வெளியே திருப்பச் சொன்னால் அசையவே அசையாது. தோள் இறுகிப்போனது, சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வருகிறது என்றார் டாக்டர். மூட்டு நகராததால் தோள்பட்டை எலும்பையே தூக்கித் தூக்கிச் சமாளிக்கிறார். டீச்சருடைய எலும்புக்கு வேலை போதவில்லை, அம்மாவுடையதற்கு ஓவர்டைம்! பயிற்சியும் வேறு. எனவே ஒருவருடையதை இன்னொருவர் காப்பியடிக்க வேண்டாம்.

கியூர்பிப் தம்பி

சுவரைத் தள்ளும்போது எலும்பு முழுசாகச் சிறகு மாதிரி எழும்பினால் டாக்டரிடம் போங்கள். எனக்கு அது நரம்புக் கோளாறு, செரட்டஸுக்குப் போகும் நரம்பாம். பயிற்சி செய்து பலம் ஏற்றுகிற கேஸ் இல்லை, நரம்பு தேறக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ரோஸ் ஹில் டீச்சர்

தம்பி, சீக்கிரம் குணமாகட்டும். என் நிலவரம்: போர்டில் மேல் வரி எழுதுகிறேன். மீட்டரில் இரண்டு கையும் ஏறக்குறைய சமம். திரும்ப வீடியோ எடுத்தால் எலும்பு இன்னும் அப்படியேதான் துருத்துகிறது! வலியும் இல்லை, பலமும் வந்துவிட்டது, அதை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பிசியோ வீடியோவை அழிக்கச் சொல்லிவிட்டார். காவடி அண்ணா, அந்த ரப்பர் பேண்ட் எங்கே வாங்கினீர்கள்? இங்கே கடையில் மெல்லியது மட்டும்தான் இருக்கிறது.